வேடியப்பன் கொடுத்த வலப்பூ

ஜப்பான் என்கிற சொல் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைந்து இன்றோடு பதினெட்டு நாள். நுழைந்த நாள் முதல் அது நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அம்மாவையும் மகளையும் முகம் பார்த்துப் பேசவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. மேகலாவுக்கு ஓசூர் பக்கம் ஜூஜுவாடியில் வாடகை வீடு. காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷ வேலை. புருஷன் அசோக்குமார் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. மொட்டைமாடியில் ஏறி நின்றால் அவன் இருக்கிற ஊரின் விளக்கு தெரியும். இவ்வளவு பக்கத்திலிருந்து இந்தப்பக்கம் வந்துபோக அந்த மகராசனுக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

மிச்சம் இருப்பது ஒரே மகள். சௌமியா டிப்ளமோ முடித்தாள். ஓசூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் எட்டு மாதம் ஜப்பான் மொழி படித்தாள். அந்த நாட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் மூன்று வருஷ வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். வருகிறேனா இல்லையா என்பதை நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"நீ சரின்னு சொன்னாத்தாம்மா போவேன்" என்று சௌமியா முதல் நாளே சொல்லிவிட்டாள். மேகலாவுக்குச் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் சாமியைக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

மேகலாவின் பிறந்த வீட்டுச் சாமி வேடியப்பன். பாரூர் ஏரியைத் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவே கல்லாக நிற்கிறார். வீட்டில் ஒரு பெண்ணைக் கொடுப்பதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் அவரிடம் போய்ப் பூ கேட்காமல் யாரும் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. பூசாரி இரண்டு அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்துச் சாமியின் இரண்டு தோளிலும் ஒட்டுவார். சாமியின் வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். அதற்கு மேல் நச்சரித்தால் சாமி வாயை மூடிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை மேகலா கிளம்பும்போது சௌமியா சுவரோரம் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குத் தூரமாகி இரண்டாம் நாள். கோயிலுக்கு வர முடியாது.

"என்னான்னும்மா கேப்ப?"

"நீ போலாமான்னு கேக்கறேன். வலது குடுத்தா போயிட்டு வா."

"இடது குடுத்தா?"

"குடுத்தா பாத்துக்கலாம்."

"பாத்துக்கறது கீத்துக்கறது எல்லாம் வேணாம்மா. இடதுன்னா இடதுதான். நான் அழ மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் தலைமுடியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மேகலா சாமிக்கு வாங்கி வைத்திருந்த தேங்காய் பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இங்கேதான் ஒரு சிக்கல். முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் திருமலை போன் செய்திருந்தார்.

"மேகலா, வயசுப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நீ அந்த ஊட்ல ஒண்டியா என்னா பண்ணுவ? புள்ள இங்கியே இருந்துடணும், அப்படின்னு வேண்டிக்கினு பூ கேளு. வலது குடுத்துடுவாரு பாரு."

"சரிண்ணா, அப்படியே கேக்கறேன்."

மகளிடம் ஒரு கேள்விக்குச் சரி, அண்ணனிடம் அதற்கு நேர் எதிரான கேள்விக்குச் சரி. இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டுவது மேகலாவுக்குப் புதிதல்ல. கம்பெனியில் சூப்பர்வைசர் ஓவர்டைம் கேட்டாலும் தலையாட்டுவாள், லைனில் இருக்கும் பெண்கள் வேண்டாம் என்றாலும் தலையாட்டுவாள். யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது, முகம் சுளித்தால் விட்டுப் போய்விடுவார்கள் என்று அவளுக்குள் ஒரு பயம். ஒருவன் போனதிலிருந்து வந்த பயம்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சூளகிரி தாண்டும்வரை அவள் வெளியே எதையும் பார்க்கவில்லை. மகள் போன பிறகு வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு, துணி துவைத்துவிட்டு, பத்து மணிக்கு என்ன செய்வது? ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது? காய்ச்சல் வந்து படுத்தால் யாரிடம் சுடுதண்ணீர் கேட்பது? லைனில் முந்நூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கேட் தாண்டியதும் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பஸ். அத்தனை பேரில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் ஒருவரும் கிடையாது. அவளுக்கு மகள் ஜப்பான் போவது பற்றிப் பயம் இல்லை. தான் ஜூஜுவாடியில் இருப்பது பற்றித்தான் பயம்.

கோயிலில் திருமலை முன்னமே வந்து நின்றிருந்தார். பூசாரி ராமப்பன் சாமியோடு தெலுங்கிலும் ஆட்களோடு தமிழிலும் பேசுகிறவர். பூவை ஒட்டிவிட்டுத் திரும்பினார்.

"கேக்கறவங்க ஒருத்தர்தான் கேக்கணும். வாய்விட்டுச் சொல்றியா தாயி, மனசுல கேட்டுக்கறியா?"

அண்ணன் இரண்டடி தள்ளிக் கைகூப்பி நிற்கிறார். வாய்விட்டுக் கேட்டால் ஏதோ ஒரு பக்கம் கொடுத்த வாக்கு வெளியே தெரிந்துவிடும்.

"மனசுலயே கேட்டுக்கறேங்க."

"எதுனாலும் ஒண்ணே ஒண்ணு நெனச்சிக்கோ. சாமிய நிக்க வெச்சிக்கினு யோசன பண்ணாத."

அவர் சொன்னது அவளுக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. மேகலா கண்ணை மூடினாள். 'என் பொண்ணு போலாமா' என்று ஆரம்பித்தாள். போகலாம் என்று சாமி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு, 'என் பொண்ணு இங்கேயே இருந்துடட்டும்' என்று ஆரம்பித்தாள். பாயில் உட்கார்ந்து அழ மாட்டேன் என்று சொன்ன முகம் எதிரே வந்தது. அதையும் விட்டாள்.

கால்மணி நேரம் போயிற்று. பூ அசையவில்லை. அரைமணி நேரம் போயிற்று. ராமப்பன் "இவ்வு சாமி, இவ்வு" என்று கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். திருமலை கால் மாற்றி நின்றார். கரும்புக் காட்டுக்குள் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்ட சத்தம் கேட்டது.

மேகலாவுக்கு அழுகை முட்டியது. கேள்வி எல்லாம் போன இடம் தெரியவில்லை. 'என்னைத் தனியா விட்டுடாதே' என்றாள் உள்ளுக்குள். 'விட்டுடாதே, விட்டுடாதே.'

வலது தோள் பூ விழுந்தது.

"வலப்பூ!" என்று கத்தினார் ராமப்பன். "போ தாயி, நெனச்சது நடக்கும்!"

திருமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம். தங்கை நெற்றியில் அவரே விபூதியைப் பூசிவிட்டார்.

"நான் சொன்னேன்ல? புள்ள உன்ன உட்டு எங்கியும் போகாது. சாமியே சொல்லிட்டாரு."

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அண்ணி குழம்பு வைத்திருக்கிறாள் என்று திருமலை கூப்பிட்டதற்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். நான் என்ன கேட்டேன்?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா அதே கல்லின் முன் நின்று, அசோக்குமாருக்குப் பெண் கொடுக்கலாமா என்று வாய்விட்டுக் கேட்டார். இரண்டே நிமிஷத்தில் வலப்பூ விழுந்தது. அப்படி விழுந்த பூவின் கதி என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். அவன் போன பிறகு மேகலா சாமியைத் திட்டவில்லை. அந்தப் பூ இடப்பக்கம் விழுந்திருந்தால் சௌமியா ஏது? திட்டவும் முடியாமல், முழுசாக நம்பவும் முடியாமல், பதினோரு வருஷம் அவரிடம் எதுவும் கேட்காமல் இருந்தாள். இன்றைக்குக் கேட்கப் போய் இப்படிக் கேட்டு வைத்திருக்கிறாள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மகளுக்குப் போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. ஜூஜுவாடி வந்து வீட்டுப் படியேறும்போது மூன்றரை மணி.

வீடு துடைத்து வைத்தது போல் இருந்தது. சமையல் பக்கம் வரக்கூடாத நாள் என்பதால் சௌமியா பக்கத்து மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கி வைத்திருந்தாள். ஜப்பான் மொழிப் புத்தகங்கள் எல்லாம் அடுக்கி, சணல் கயிற்றால் கட்டிக் கதவோரம் கிடந்தன.

"என்னடி இது?"

"அடுத்த பேட்ச்சுல யாருக்காச்சும் குடுத்துடலாம்னு." சௌமியா முகத்தில் அழுத தடம் இல்லை. "மாமா போன் பண்ணாரும்மா. நான் இங்கியே இருக்கணும்னு நீ பூ கேட்டியாம், வலது குடுத்துச்சாம். ட்ரெயினிங் சென்டர் ஹரீஷ்குமார் சார்கிட்ட சொல்லிட்டேன், நான் வரலன்னு. வெயிட்டிங்ல ஒரு பொண்ணு இருக்குது, அதுகிட்ட பேசறேன்னாரு."

பொய் சொல்வானேன். மேகலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தன் கையால் எதுவும் செய்யாமல், தன் வாயால் எதுவும் சொல்லாமல், மகள் இங்கேயே இருக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் போதும்.

அவள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நீ காலைல போலாமான்னு கேக்கறேன்னுதான சொன்ன?" என்றாள் சௌமியா. கோபமாகக் கேட்கவில்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள். "மாத்திக் கேட்டுட்டியா? பரவால்லம்மா. எப்படிக் கேட்டா என்ன, சாமி சொல்லிருச்சுல்ல. அதுக்கு மேல நாம என்னா பேசறது. சாப்புடு."

மகள் வாதாடியிருந்தால், கத்தியிருந்தால், மேகலா சாமியைக் காட்டித் தப்பித்திருப்பாள். இவள் முழுசாக நம்புகிறாள். தான் முழுசாக நம்பாத சாமியை வைத்துக்கொண்டு, முழுசாக நம்புகிறவளைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று மேகலாவுக்குப் பட்டது. அசோக்குமார் கூட இந்த மாதிரி ஒரு காரியம் அவளுக்குச் செய்ததில்லை. அவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

"சௌமி, நான் ஒண்ணும் கேக்கல."

"என்னாது?"

"உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். மாமாகிட்ட வேற ஒண்ணு சொன்னேன். அங்க போய் நின்னப்ப ரெண்டையும் கேக்கல. கேக்க முடியல." அவள் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "என்னத் தனியா விட்டுடாதன்னேன். அவ்ளோதான் சொன்னேன். பூ விழுந்துடுச்சு. மாமா அவரு நெனச்சத சொல்லிட்டாரு."

கீழே ரோட்டில் லாரிகள் பார்டரில் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அப்ப அது எனக்கு விழுந்த பூ இல்ல" என்றாள் சௌமியா.

"இல்ல."

"உனக்கு விழுந்தது." குரல் இப்போதுதான் உயர்ந்தது. "உன்னத் தனியா விட மாட்டேன்னு சாமி உங்கிட்ட சொல்லிருக்குது. அத நீ என்னான்னு எடுத்துக்கின? என் கால கட்டிப் போட்டுக்கன்னு சொல்லிச்சுன்னா?"

"நான் எதுவும் எடுத்துக்கலடி. வாய மூடிக்கினு வந்துட்டேன், அதான் பண்ணன தப்பு."

"பதினெட்டு நாளா இப்படித்தாம்மா வாய மூடிக்கினு இருக்கற! பயமா இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? சாமிகிட்ட போய் அழற, எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

மேகலா மறுபடி பூ கேட்க முடியாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று. எதற்குக் கொடுத்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். தனக்கே தெரியாத கேள்வி அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதைத் தவிர, இந்தச் சாயங்கால நேரத்தில் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்த நினைப்பின் மேல் முழு எடையையும் வைத்து எழுந்து நிற்கலாமா என்று பயந்துகொண்டேதான் எழுந்தாள். போனை எடுத்து, பயிற்சி நிலையத்து நம்பரைத் தேடினாள்.

"சார், நான் சௌமியாவோட அம்மா பேசறேன். எம் பொண்ணு வர்றா சார். அவ சொன்னது என் தப்பால சொன்னது."

ஹரீஷ்குமார் எரிச்சலை மறைக்கவில்லை. "என்னம்மா வெளையாட்டா இருக்குதா? மத்தியானம்தான் அவ வரலன்னு சொன்னா. பர்கூர்ல ஒரு பொண்ணு வெயிட்டிங்ல இருந்துச்சு, சொல்லிட்டேன். அவங்க ஊட்ல ஊருக்கே ஸ்வீட் குடுத்துக்கினு இருக்காங்க."

"பேரு எழுதிட்டீங்களா சார்?"

"நாளைக்குப் பத்து மணிக்குத்தான் லிஸ்ட் போவுது. ஒரு எடம்தான் இருக்குது. ரெண்டு பொண்ணுங்களும் வரட்டும், நேர்ல பேசிக்கலாம். ஆனா நான் எதுவும் வாக்குக் குடுக்க மாட்டேம்மா, ஆமா."

மேகலா போனை வைத்தாள். சொன்னதை அப்படியே மகளிடம் சொன்னாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். குறைந்தபட்சம் கோபமாவது குறையும் என்று நினைத்தாள்.

சௌமியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"மாமா போன் பண்ணி, போக வேணாம்னு பூ விழுந்துச்சுன்னு சொன்னாருல்ல. அப்ப எனக்குச் சந்தோஷமாத்தாம்மா இருந்துச்சு."

மேகலா அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமா இருக்குது. அந்த ஊர்ல யாரையும் தெரியாது. எட்டு மாசம் படிச்சும் அவங்க வேகமாப் பேசனா ஒண்ணும் புரியல. நீ வேணாம்னு சொல்லிடுவ, உம்மேல பழிய போட்டுட்டு இங்கியே இருந்துடலாம்னு பதினெட்டு நாளா காத்துக்கினு இருந்தேன். நீ சொல்லவே இல்ல."

பன்னிரண்டுக்குப் பத்தடி அறை. அதில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பயத்தை வைத்துக்கொண்டு, பதினெட்டு நாளாக ஒருத்தி தூங்கிவிட்டாள் என்று இன்னொருத்தி நினைத்து விழித்துக் கிடந்திருக்கிறார்கள். தனியாக இருக்கப் போகிறோமே என்று பயந்தவளுக்கு, இத்தனை நாளும் தனியாகத்தான் இருந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருமே தனியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

"போவணும்னும் ஆசையா இருக்குதும்மா" என்றாள் சௌமியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதுவும் பொய்யில்ல. நாளைக்குக் காலைல அந்தப் பர்கூர்ப் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கினு, இந்த எடம் எனக்குத்தான் வேணும்னு நானே சொல்லணும். நீ சொன்னன்னு சொல்ல முடியாது. சாமி சொல்லிச்சுன்னும் சொல்ல முடியாது. என்னால முடியுமாம்மா?"

முடியும் என்று சொல்வது சுலபம். தலையாட்டிப் பழகிய கழுத்து. மேகலா ஆட்டவில்லை.

"தெரியலடி" என்றாள். "ஆனா நான் கூட வரேன். நீ என்னா சொன்னாலும் பக்கத்துல நிப்பேன். ஏழரை பஸ்ஸுக்குக் கெளம்பனா சரியா இருக்கும்."

சௌமியா ஜப்பான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவின் மகளாயிற்றே.